ஏழாம் கட்டிலின் மூச்சு

ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வருகைப் பதிவேடு வைத்திருந்த எழுத்தர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அவள் கரண்ட் அக்கா. டாக்டர்கள், நர்ஸுகள், லிஃப்ட் ஓட்டுபவர், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் என்று யார் கேட்டாலும் அதுதான் பதில்: "ரெண்டாவது மாடி, கடைசி ரூம், கரண்ட் அக்கான்னு கேளுங்க."

நரம்பின் மேல் சின்னச் சின்ன மின்னதிர்ச்சி கொடுத்து, அந்தச் சேதி தசை வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை, அதே அறை. துணி வைக்கும் அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில், ஒரே ஒரு ஜன்னலோடு இருக்கும். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் கொட்டகையின் சுவர் தெரியும். நடக்கமுடிந்த நோயாளிகள் அங்கே வருவார்கள். முடியாதவர்களிடம் அவள் கருவியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போவாள். வண்டியின் ஒரு சக்கரம் கிரீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டாலே எலும்பு முறிவு வார்டில் இருந்த ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விடத் தொடங்கிவிடுவார். "பொய்த் தூக்கத்துக்கு டபுள் கரண்ட்டு தாத்தா" என்பாள் அவள். வார்டே சிரிக்கும்.

அது முன்பு. பதினான்கு மாதங்களுக்கு முன் அவள் கணவர் இறந்துபோனார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், நாற்பத்தேழு வயது. மூளையின் அடித்தண்டில் ரத்தக் குழாய் வெடித்து, இதே ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து போனார். ஒன்பதாம் நாள் காலை அவள் வேலைக்கு வந்துவிட்டாள். ஆறுதல் சொல்ல வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தவர்களிடம், "இன்னைக்கு எத்தனை கேஸ்?" என்று கேட்டாள். அவர்கள் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு எண்ணிக்கையைச் சொன்னார்கள்.

தைரியசாலி என்றார்கள் சிலர். கல் நெஞ்சு என்றார்கள் சிலர். அவளுக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அத்தை தட்டு வைத்தால் சாப்பிட்டாள். வைக்காத நாளில் பசிக்கிறதா என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பேருந்தில் இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய், பதறாமல் இறங்கித் திரும்பி நடந்தாள். வீட்டில் அவளும் அத்தையும் மட்டும். அத்தை என்றால் கணவரின் அம்மா. தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்துப்போட்டு ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் காய்கறி, தண்ணீர், மாத்திரை பற்றிப் பேசிக்கொண்டார்கள். செத்துப்போனவரைப் பற்றிப் பேசவில்லை.

வேலையில் மட்டும் எந்தக் குறையும் இல்லை என்று அவள் நினைத்தாள். முன்பை விட வேகமாகவே முடித்தாள். பேச்சு குறைந்துவிட்டதல்லவா.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழாம் கட்டிலுக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் போனபோது கட்டிலின் கால்மாட்டில் கொக்கு டாக்டர் நின்றுகொண்டிருந்தார். நரம்பியல் மருத்துவர். நோயாளியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார், அதனால் அந்தப் பெயர். அவருக்கும் அது தெரியும். பக்கத்தில் இளம் பணி மருத்துவர் ஒருவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

கட்டிலில் ஐம்பத்தோரு வயதுப் பெண்மணி. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். நிமோனியா வந்து மூச்சு முட்டி, தொண்டையில் குழாய் போட்டு, வென்டிலேட்டரில் வைத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. நிமோனியா ஆறிவிட்டது. ஆனால் கருவியைக் கழற்றினால் காலையில் அரை மணி நேரம் தாங்குகிறார், மத்தியானம் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. மறுபடி மாட்ட வேண்டியிருக்கிறது.

"நுரையீரல் படம் பாத்தேன், சுத்தமா இருக்கு" என்றார் கொக்கு டாக்டர். "இதயமும் நல்லா இருக்கு. அப்புறம் ஏன் மெஷினை விட்டு வர மாட்டேங்குறாங்க?"

"பயம் சார்" என்றார் பணி மருத்துவர். "கழட்டப் போறோம்னு தெரிஞ்சாலே கண்ணுல தண்ணி வந்துருது. கண்ணைத் திறந்து பாக்கவே மாட்டேங்குறாங்க."

"பயந்தவங்க வேகமா மூச்சு விடுவாங்க, சரிதான். ஆனா வயித்தைப் பாரு. நெஞ்சு ஏறும்போது வயிறும் கூட ஏறணும். இவங்களுக்கு உள்ள போகுது. உதரவிதானம் இழுக்கல. பயத்துக்கு இப்படி வராது." அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "மூச்சு விடுன்னு மூளை சொல்லணும். அந்தச் சேதி தண்டுவடத்துல இறங்கணும். அங்கேர்ந்து நரம்பு எடுத்துட்டுப் போகணும். நரம்பு அதைத் தசைகிட்ட கை மாத்தி விடணும். தசை இழுக்கணும். அஞ்சு இடம் இருக்கு. எங்க அறுந்திருக்குன்னு அக்கா பாத்துச் சொல்லுவாங்க. மூளை ஸ்கேன் நல்லா இருக்கு. எனக்கென்னவோ அந்தக் கை மாத்துற இடம்தான்னு படுது."

சொல்லிவிட்டு அவர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். அவளுக்கு அன்று இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு டயாலிசிஸ் கருவி வரப்போகிறது, வழியை விடுங்கள் என்று தலைமை நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். "இங்க மூச்சு விட நேரமில்ல அக்கா" என்று சொல்லிவிட்டு, சொன்னது எந்த இடம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கம்பிகளை ஒட்டினாள். கால், கை, கழுத்து என்று வரிசையாக நரம்புகளைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகச் சேதி கொண்டுபோயின. கடைசியாக டாக்டர் சந்தேகப்பட்ட இடம். மணிக்கட்டில் விநாடிக்கு மூன்று வீதம் பத்துத் தடவை அதிர்ச்சி கொடுத்து, சுண்டுவிரல் தசை ஒவ்வொரு தடவையும் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். நரம்பும் தசையும் கை மாற்றும் இடத்தில் கோளாறு என்றால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று துள்ளல் குறைந்துகொண்டே வரும். திரையில் பத்துக் கோடுகள் வந்தன. பத்தும் அளவெடுத்து வெட்டியது போல ஒரே உயரம்.

குறைபாடு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண்மணியிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மயக்க மருந்தில் இருக்கிறார் என்று நினைத்தாள். முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை.

எட்டு நாள் கழித்து, மத்தியானம் ஒரு மணிவாக்கில், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி அவள் அறைக் கதவைத் தட்டினாள்.

"கரண்ட் அக்கா நீங்கதானே? நான் ஏழாம் கட்டில் அம்மாவோட பொண்ணு."

"சொல்லும்மா."

"அம்மாவுக்கு நரம்பெல்லாம் நல்லா இருக்குன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாம். அதனால இது மனசுக் கோளாறுன்னு சொல்றாங்க. மனநல டாக்டர் வந்து தூக்க மாத்திரை எழுதிட்டுப் போயிருக்கார். இப்ப அரை மணி நேரம்கூடத் தாங்கல. அஞ்சு நிமிஷம்தான். கழுத்துல ஓட்டை போடணும்ங்கிறாங்க." அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்தினாள். "எங்கம்மா பயப்படற ஆள் இல்லக்கா. பஸ் ஸ்டாண்டுல ஐயாயிரம் பேர் முன்னாடி கத்துற ஆளு. திருடனை மைக்லயே பேர் சொல்லி நிறுத்துனவங்க."

"நான் டாக்டர் இல்லம்மா. டாக்டர்கிட்டதான் கேக்கணும்."

"கேட்டுட்டேன். எல்லாரும் உங்க பேப்பரைத்தான் காட்டுறாங்க." அவள் கைப்பேசியை எடுத்தாள். "இதை மட்டும் கேளுங்க. சாயங்காலம் ஆனா அம்மா அறிவிப்பு புரியலன்னு பயணிங்க புகார் குடுத்தாங்க. மேலதிகாரி, குடிச்சிட்டு வர்றியான்னு கேட்டுட்டார். அம்மாவுக்கு மானம் போயிருச்சு. நிரூபிக்கிறதுக்காக ஒரே அறிவிப்பைக் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு என்னைப் பதிவு பண்ணச் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

முதல் பதிவில் குரல் கணீரென்று வந்தது. "மூன்றாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்." இரண்டாவது பதிவு மாலை ஐந்து மணிக்கு எடுத்தது. அதே வாக்கியம் மூக்கால் வந்தது. பேருந்து மேருந்து ஆகியிருந்தது. புறப்படும் என்பது முறமடும் என்று கேட்டது. கடைசிச் சொல் காற்றில் கரைந்துபோயிற்று.

அவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "கண் இமை தொங்குமா? சாயங்காலம்?"

"ஆமா. தூக்கம் சொக்குதான்னு நானே கேலி பண்ணுவேன்."

"சாப்பிடும்போது?"

"பாதிச் சாப்பாட்டுல தாடையைக் கையால தாங்கிப் பிடிச்சுக்குவாங்க. வயசாயிருச்சுடின்னு சொல்லுவாங்க."

பணி மருத்துவர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. கண்ணைத் திறந்து பார்க்கவே மாட்டேன் என்கிறாராம். திறக்க மாட்டேன் என்றில்லை. திறக்க முடியவில்லை.

"நீ போய் அம்மாகூட இரு. நான் வரேன்" என்றாள்.

அந்தப் பெண் போனதும் அவள் பழைய அறிக்கையைத் திரையில் எடுத்தாள். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. மேல்பக்கம் வலது மூலையில் ஒரு கட்டம், கையின் வெப்பநிலை என்று போட்டிருக்கும். அது காலியாக இருந்தது.

அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை குளிர்ந்திருந்தால், டாக்டர் சந்தேகப்பட்ட அந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும். குளிரில் நரம்பு முனை, சேதி கடத்தும் தன் சரக்கை நிதானமாகச் செலவழிக்கும், பத்துத் தடவை கேட்டாலும் கொடுத்துவிடும். சூடான கையில்தான் பற்றாக்குறை வெளியே தெரியும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருகிற விஷயம். அவளே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள். இரண்டாவது விஷயமும் இருந்தது. கையில் ஒன்றும் தெரியாவிட்டால் தோளிலும் முகத்திலும் பார்க்க வேண்டும். அவள் பார்க்கவில்லை.

வெப்பமானியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஏழாம் கட்டிலுக்கு நேர் மேலே குளிர்காற்று வருகிற துவாரம். நோயாளியின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. இருபத்தேழு டிகிரி. குறைந்தது முப்பத்திரண்டாவது இருக்க வேண்டும்.

எட்டு நாளைக்கு முன்பும் இந்தக் கையை அவள் பிடித்திருக்கிறாள். கம்பி ஒட்டியிருக்கிறாள். அது சில்லென்று இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பயமோ வெட்கமோ வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. நடைபாதைக்கு வந்து சுவரோரம் நின்று டாக்டருக்குப் போன் செய்தாள். மறுபரிசோதனை என்று ஒரு வார்த்தை மேலே எழுதிவிட்டுப் புதிதாகச் செய்திருக்கலாம். யாரும் பழையதைத் தோண்டியிருக்க மாட்டார்கள். அந்த யோசனை வந்தது, போயிற்று. பூசி மெழுகுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

"சார், ஏழாம் கட்டில் டெஸ்ட் தப்பு."

"மெஷின் கோளாறா?"

"இல்ல சார். என் கோளாறு. கை ஜில்லுனு இருந்திருக்கு. சூடு பண்ணாமப் பண்ணிட்டேன். தோளும் முகமும் பாக்கவே இல்ல."

"மறுபடி எப்பப் பண்றே?"

"இப்பவே."

"பண்ணு. நான் வரேன்."

வெந்நீர்ப் பைகளைத் துண்டில் சுற்றி இரண்டு கைகளுக்கும் வைத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். சூடேற நாற்பது நிமிடமாவது ஆகும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அறிவிப்பாளரின் இமைகள் முக்கால்வாசி மூடியிருந்தன. அவள் குனிந்து பார்த்தபோது அந்த இடுக்கில் கருவிழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முழு விழிப்போடு இருந்தார்.

"அம்மா, நான் சொல்றது கேக்குதா?"

வலது கை வெந்நீர்ப் பையிலிருந்து மெல்ல நகர்ந்து எழுதும் பலகையைத் தேடியது. எடுத்துக் கொடுத்தாள். கோணல் எழுத்தில் வந்தது: வலிக்குமா.

"வலிக்கும். எறும்பு கடிச்ச மாதிரின்னு எல்லாரும் சொல்லுவோம், அது பொய். ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி இருக்கும். அம்பது அறுபது தடவை."

பலகையில் இன்னொரு வரி வந்தது: போன தடவை சொல்லலை.

"சொல்லல. நீங்க முழிச்சிருக்கீங்கன்னே பாக்கல" என்றாள் அவள். "போன தடவை நான் பண்ணது தப்பும்மா. அதனாலதான் மறுபடி பண்றேன்."

அந்தக் கை பலகையைக் கிட்டே இழுத்தது. பிறகு எழுதியது: பண்ணுங்க.

கை முப்பத்து மூன்று டிகிரிக்கு வந்ததும் தொடங்கினாள். சுண்டுவிரலில் கோடுகள் லேசாகச் சரிந்தன. நூற்றுக்குப் பதினான்கு. தோளில் ஒட்டினாள். முதல் கோடு உயரமாக வந்தது, இரண்டாவது குட்டை, நான்காவது அதை விடக் குட்டை. நூற்றுக்கு முப்பத்தெட்டு குறைந்தது. கன்னத்தில் நாற்பத்தொன்று. படியிறங்குவது போலத் திரையில் கோடுகள் இறங்கின. அவள் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை செய்தாள். மறுபடி அதே படிகள்.

திரும்பினால் பின்னால் கொக்கு டாக்டர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"கை மாத்துற இடம்தான்" என்றார். பணி மருத்துவரிடம் திரும்பி, "தசையில நரம்போட சேதியை வாங்குற இடத்தை உடம்பே எதிரின்னு நெனச்சு அடைச்சு வச்சிருக்கு. உழைக்க உழைக்கத் தளர்ந்து போகும், ஓய்வெடுத்தாக் கொஞ்சம் திரும்பும். அதான் காலையில அரை மணி, மத்தியானம் பத்து நிமிஷம். தூக்க மாத்திரையை நிறுத்து. ரத்தம் எடுத்து அனுப்பு, ஆனா அதுக்காகக் காத்திருக்க வேணாம்" என்றார். பிறகு தொங்கவிட்டிருந்த மருந்துத் தாளை எடுத்துப் படித்தார். அவர் முகம் மாறியது. "இந்த ஆன்டிபயாட்டிக் எப்ப ஆரம்பிச்சீங்க?"

"காய்ச்சல் திரும்ப வந்தப்ப சார். அஞ்சு நாளா."

"இப்பவே நிறுத்து."

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அந்த மருந்து என்ன பண்ணும் சார்?"

அவர் மழுப்பவில்லை. "இந்த நோய் இருக்கிறவங்களுக்கு அதைக் குடுக்கக் கூடாது. பலவீனம் கூடிரும். தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டோம்."

"என் பேப்பரைப் பாத்துட்டுக் குடுத்தது."

"ஆமா." கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே சொன்னார்: "என் தப்பும் உண்டும்மா. வயிறு உள்ள போறதை நான் கண்ணால பாத்தேன். காகிதம் வேற சொன்னதும் கண்ணை நம்பாம விட்டுட்டு, மூணு நாள் தண்டுவடத்தை ஸ்கேன் பண்ணிட்டிருந்தேன். அதுக்கப்புறம் வெளியூர் போயிட்டேன்."

மகளிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது, நான் சொல்கிறேன் என்றாள். பார்வையாளர் நாற்காலிகளின் கோடியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, மருந்து உண்டு என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அக்கா கண்டுபிடிச்சீங்க—"

"இரும்மா. முழுசாக் கேளு. எட்டு நாளைக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும். நான் டெஸ்ட்டை ஒழுங்காப் பண்ணல. அதனால தாமதமாச்சு. நடுவுல குடுத்த ஒரு மருந்தால இன்னும் மோசமாச்சு."

பிடித்த கை மெல்ல விலகியது. "எட்டு நாள்" என்றாள் அந்தப் பெண்.

"எட்டு நாள்."

"எட்டு நாளா எங்கம்மாவைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னாங்க. நானும் திட்டுனேன். முயற்சி பண்ணும்மா, ஏம்மா இப்படிப் பண்றேன்னு காதுல போய்க் கத்துனேன்." அவள் உள்ளே போகும் கதவைப் பார்த்தாள். "நான் கத்துனேன்."

கரண்ட் அக்கா அங்கேயே நின்றாள். அந்தப் பெண் அவளைத் தாண்டி நடந்து உள்ளே போனாள்.

மறுநாள் நிர்வாகம் விளக்கம் கேட்டது. பணி மருத்துவர் நல்ல மனதோடு யோசனை சொன்னார்: "அறை மிகவும் குளிராக இருந்ததால்னு ஆரம்பிங்கக்கா. பழி ஏசி மேல போயிரும், அது எதிர்த்துப் பேசாது." அவள் நான்கு வரி எழுதினாள். கையின் வெப்பநிலையை நான் பார்க்கவில்லை என்று முதல் வரி. ஏசி அதில் வரவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அத்தை எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் தட்டைத் தொடாமல் சொன்னாள்: "ஒரு தப்பு பண்ணிட்டேன் அத்தை."

என்ன என்று அத்தை கேட்டார். ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் கருவி, காலிக் கட்டம், மேருந்து, வெந்நீர்ப் பை, மகளின் கை. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அழுதியா?"

"இல்ல. வரல."

"எனக்கும்தான்." அத்தை தண்ணீர் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "அவன் போனதுலேர்ந்து ஒரு சொட்டு வரல. பெத்தவளுக்கு வரலைன்னா என்ன அர்த்தம்? எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். உன் மெஷின்ல ஒரு தடவை என்னையும் போட்டுப் பாக்கச் சொல்லலாமான்னுகூட யோசிச்சேன்."

"அதுக்கெல்லாம் மெஷின் இல்ல அத்தை."

"அதான் கேக்கல." பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "கடைசி நாள் அவனுக்கு ஏதோ டெஸ்ட் பண்றோம்னு என்னை வெளிய உக்கார வச்சாங்களே, அது என்ன? நீ அங்க இருந்தே. நான் கேக்கவே இல்ல."

அவள் சொன்னாள். வேலையைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்தான் சொன்னாள். "மூளையோட அடித்தண்டுலதான் மூச்சுக்கான இடம் இருக்கு அத்தை. அது உயிரோட இருக்கான்னு பாப்பாங்க. ஆக்ஸிஜனை மட்டும் விட்டுட்டு மெஷினை நிறுத்திருவாங்க. பத்து நிமிஷம் நெஞ்சையே பாத்துட்டு நிப்பாங்க. இடம் கொஞ்சமாவது மிச்சமிருந்தா மூச்சு தானா வந்துரும். அதை அடக்கவே முடியாது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன்."

"வந்துச்சா?"

"இல்ல அத்தை. ஒண்ணுகூட வரல."

"கஷ்டப்பட்டானா?"

"இல்ல. கஷ்டம் தெரியறதுக்கு உள்ள யாரும் இல்ல."

அத்தை தலையை ஆட்டினார். பிறகு எழுந்து, "ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தரேன்" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அங்கே நிறைய நேரம் நின்றார். சூடு பண்ண அவ்வளவு நேரம் ஆகாது. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. போகலாமா என்று நினைத்தாள். அதற்குள் தட்டு வந்துவிட்டது.

அந்த அடைப்பை உண்டாக்கும் பொருள் வெளியேற, அறிவிப்பாளரின் ரத்தத்திலிருந்த நீர்ப்பகுதியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வடிகட்டி மாற்றினார்கள். ஐந்து தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகு இமைகள் பாதிக்கு மேல் திறந்தன. பன்னிரண்டாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கழுத்தில் ஓட்டை போடத் தேவைப்படவில்லை. இந்த நோயோடு சிலருக்கு நெஞ்சில் கட்டியும் வரும் என்பதால், அது இருக்கிறதா என்று ஸ்கேன் செய்தார்கள். இல்லை. இன்னும் இரண்டு வாரம் வார்டில் இருந்துவிட்டு மாத்திரைகளோடு வீட்டுக்குப் போனார். அந்த எட்டு நாள் இல்லாமலிருந்தால் எவ்வளவு சீக்கிரம் போயிருப்பார் என்று கரண்ட் அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியான விடை கிடைக்கவில்லை. அவளுடைய கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது.

அவளிடம் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. கம்பி ஒட்டுவதற்கு முன் இது வலிக்கும் என்று சொல்லத் தொடங்கினாள். மூக்கில் குழாய், வாயில் குழாய், கண் மூடியிருக்கிறது, எதுவாக இருந்தாலும் சொன்னாள். பதில் சொல்ல முடியாதவர்களிடமும் சொன்னாள். மனம் நெகிழ்ந்து சொன்னாள் என்று சொல்ல முடியாது. ஒரு வரிசைப்படி செய்யவேண்டிய வேலைகளில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அறிவிப்பாளர் மறுபரிசோதனைக்கு அவள் அறைக்கு வந்தார். நடந்து வந்தார். உட்கார்ந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஜன்னலைத் திறந்தா சுவரு. நல்ல வசதி" என்றார். குரல் கணீரென்று இருந்தது.

"வேலைக்குப் போறீங்களா?"

"காலை ஷிஃப்ட் மட்டும். மேலதிகாரி நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டார். மைக்ல கேளுங்கன்னேன். கேக்கல." தோளில் கம்பி ஒட்டும்போது அவர் சொன்னார்: "அங்க படுத்திருந்தப்ப எல்லாம் கேட்டுச்சு. எனக்குப் பயம்னு பேசிக்கிட்டது, கழுத்துல ஓட்டை போடறது. மூச்சை இழுக்கணும்னு எனக்குத் தெரியும். இழுக்குறேன், இழுக்குறேன், காத்து வாசலோட நின்னுருது. பொண்ணு வந்து ஏம்மா இப்படிப் பண்றேன்னு அழுறா. நான் என்னத்தைச் சொல்ல?"

"அவங்க எப்படி இருக்காங்க?"

"இருக்கா. உங்களைப் பாக்க வரலைன்னுட்டா. கீழ வண்டியில உக்காந்திருக்கா. எனக்கும் உங்க மேல கோபம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. மறைச்சுப் பேசத் தெரியாது எனக்கு" என்றார்.

"இருக்கட்டும்மா."

"மாத்திரை மாதிரி அதையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

திரையில் கோடுகள் வந்தன. இன்னும் லேசான சரிவு இருந்தது, நூற்றுக்குப் பன்னிரண்டு. அவள் எண்ணைப் படித்துக் காட்டினாள். நல்ல எண்தான் என்று சொன்னாள். அறிவிப்பாளர் கைப்பையை எடுத்துக்கொண்டு, வரேன் என்று சொல்லாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் அவளும் அத்தையும் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். அத்தைக்குச் செய்தித்தாளில் சின்ன எழுத்துகள் தெரியாமல் போய் ரொம்ப நாளாகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை. அத்தை ஒவ்வொரு சட்டமாகப் போட்டுப் போட்டுக் கழற்றினார். ஒன்று ஆந்தை மாதிரி இருக்கிறது என்றார். இன்னொன்றைப் போட்டால் பழைய போஸ்ட் மாஸ்டர் நினைவுக்கு வருகிறார், வேண்டாம் என்றார். பதினொன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு முதலில் எடுத்ததற்கே திரும்பி வந்தார்.

"இது எப்படி இருக்கு?"

அவள் அத்தையின் முகத்தை நேராகப் பார்த்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் பழைய கண்ணாடியின் தழும்பு இருந்தது.

"காதுகிட்ட அழுத்துதா?"

"கொஞ்சம்."

"அப்ப அதை வளைச்சுக் குடுக்கச் சொல்லலாம் அத்தை" என்று சொல்லிக் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.